மூன்று முறை உடைந்த ஃபோர்க்

சென்ற விடுமுறையில் என் மலைமிதிவண்டிக்குப் புதுச் சங்கிலி மாட்ட எங்கள் ஊர் சைக்கிள் கடைக்குப் போயிருந்தேன். கடைப் பெரியவர் இழுப்பறையில் எதையோ தேடியபோது பழைய உலோகக் கொக்கி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். ஓட்டும்போது கால் வழுக்காமல் இருக்க மிதிகட்டையில் பொருத்துவது. டோ கிளிப் என்பார்கள். அதில் கிறிஸ்தோஃப் என்ற பெயர் பொறித்திருந்தது. ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயர் என்றுதான் நினைத்தேன். வீடு திரும்பித் தேடிப் படித்தபோது, அது ஒரு மனிதரின் பெயர் என்று தெரிந்தது. அவருடைய கதை என்னைச் சில இரவுகள் தூங்கவிடவில்லை. அதற்கான காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

யூஜின் கிறிஸ்தோஃப் 1885ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் தேதி, பாரிஸ் நகரை ஒட்டிய மாலகோஃப் என்ற ஊரில் பிறந்தார். பூட்டுத் தொழில் கற்றவர். இரும்பை அறுக்கவும், அராவவும், துளையிடவும் பழகிய கைகள் அவருடையவை. 1906இல் முதன்முறையாக டூர் டி பிரான்ஸ் போட்டியில் கலந்துகொண்டு ஒன்பதாவது இடம் பெற்றார். தொங்குமீசை வைத்த அவரை ரசிகர்கள் செல்லமாகக் கிரி-கிரி என்று அழைத்தார்கள்.

அவருடைய மன உறுதியை உலகம் முதலில் கண்டது 1910இல். இத்தாலியின் மிலான் – சான் ரெமோ போட்டி நடந்த அன்று மலைப்பாதையில் பனி கொட்டியது. கைகால் விறைத்துப்போன கிறிஸ்தோஃப், வழியில் இருந்த விடுதி ஒன்றில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சற்று உடலைச் சூடாக்கினார். பிறகு மீண்டும் சைக்கிளில் ஏறிவிட்டார். பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஓட்டி முதலாவதாக வந்து சேர்ந்தார். அன்று முடிவுப் பட்டியலில் இடம்பெற்றவர்கள் நால்வர் மட்டுமே. வென்ற கையோடு அவர் மருத்துவமனையில் சேர வேண்டியிருந்தது. பழைய உடல்நலம் திரும்ப நெடுநாள் ஆனது.

1912 டூர் டி பிரான்சில் அவர் இரண்டாம் இடம் பெற்றார். அக்காலத்தில் வாகையாளரை நேரத்தை வைத்துத் தேர்ந்தெடுக்கவில்லை. புள்ளிகளை வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு சுற்றில் ஒரு மணி நேரம் முந்தி வந்தாலும், ஒரு சாண் முந்தி வந்தாலும் ஒரே புள்ளிதான். கிறிஸ்தோஃப் ஆல்ப்ஸ் மலையில் 315 கிலோமீட்டர் தனியாகவே முன்னால் ஓட்டிச் சென்று ஒரு சுற்றை வென்றார். ஆனாலும் அந்தக் கணக்கில் பெல்ஜியத்தின் டெஃப்ரே முதலிடம் பெற்றார். அடுத்த ஆண்டு நேரக் கணக்கு திரும்ப வந்தது. இனி கிறிஸ்தோஃபின் காலம்தான் என்று பலரும் எதிர்பார்த்தார்கள்.

1913ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் தேதி ஆறாவது சுற்று நடைபெற்றது. பயோன் நகரிலிருந்து லுஷோன் வரை 326 கிலோமீட்டர். இடையில் பிரனீஸ் மலைத்தொடர். இன்று நாம் மலைப்பாதையில் ஓட்டும் வண்டிகளுக்கு அதிர்வைத் தாங்கும் ஃபோர்க் உண்டு, வட்டு பிரேக் உண்டு, ஒரு விரலால் கியர் மாற்றலாம். அன்று எஃகுச் சட்டம் மட்டுமே. கியர் மாற்ற வேண்டுமானால் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்ட வேண்டும். சாலையோ கல்லும் மண்ணும்.

அதைவிடக் கடினமானது விதி. போட்டியைத் தொடங்கிய ஹான்றி டெகிராஞ்ச் ஒரு பத்திரிகை ஆசிரியர். மனிதனையும் அவன் இயந்திரத்தையும் மட்டுமே சோதிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. வண்டி பழுதானால் ஓட்டியவரே சரிசெய்ய வேண்டும். வெளியாள் எவரும் உதவக் கூடாது.

அன்று டெஃப்ரே பின்தங்கிவிட்டார். ஒட்டுமொத்த நேரக் கணக்கில் முதலிடம் கிறிஸ்தோஃபின் கைக்கு வந்துகொண்டிருந்தது. தூர்மலே கணவாயின் உச்சியைத் தாண்டி இறங்கும்போது அவருடைய ஃபோர்க் உடைந்தது. முன்சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கும் கவைதான் ஃபோர்க். அது போனால் வண்டியை உருட்டக்கூட முடியாது. அவர் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு, முன்சக்கரத்தைக் கையில் பிடித்தபடி சுமார் 10 கிலோமீட்டர் நடந்தார். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக அவரைக் கடந்து போனார்கள்.

அடிவாரத்தில் சென்ட்-மரி-த-கம்பான் என்ற சிற்றூர். அங்கு ஒரு கொல்லுப்பட்டறை இருந்தது. கொல்லர் உதவ முன்வந்தார். ஆனால், போட்டி அதிகாரிகள் உடன் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொல்லர் வாயால் வழி சொல்லலாம், கை வைக்கக் கூடாது. கிறிஸ்தோஃப் தானே இரும்பை உலையில் பழுக்கக் காய்ச்சி, தானே சுத்தியலால் அடித்து, தானே துளையிட்டுப் பொருத்தினார். சிறுவயதில் கற்ற தொழில் அன்று கைகொடுத்தது. ஒரு கையில் இரும்பு, மறு கையில் சுத்தியல் என்று நின்றவரால் துருத்தியை மட்டும் ஊத முடியவில்லை. பட்டறையில் இருந்த ஒரு சிறுவன் ஊதிக் கொடுத்தான்.

ஏறத்தாழ மூன்று மணி நேரம் கழித்து வண்டி தயாரானது. இன்னும் இரண்டு மலைகள் மீதி இருந்தன. ஓட்டி முடித்தார். சிறுவன் துருத்தி ஊதியது வெளியாள் உதவி என்று அதிகாரிகள் 10 நிமிடத் தண்டனை விதித்தார்கள். பிறகு அதை 3 நிமிடமாகக் குறைத்தார்கள். நான்கு மணி நேரத்துக்கு அருகில் இழந்தவருக்கு 3 நிமிடம் என்ன, 10 நிமிடம் என்ன! ஆனாலும் அவர் போட்டியை விட்டு விலகவில்லை. பாரிஸ் வரை ஓட்டி ஏழாவது இடம் பெற்றார்.

அந்த ஆண்டு வென்றவர் பெல்ஜியத்தின் பிலிப் தீஸ். பாரிசை நெருங்கும் நேரத்தில் அவருடைய ஃபோர்க்கும் உடைந்தது. அவர் ஒரு சைக்கிள் கடையில் உதவி பெற்றுப் பழுது பார்த்தார். அவருக்கும் 10 நிமிடத் தண்டனை. அதைக் கழித்த பிறகும் அவர் சுமார் எட்டரை நிமிட வித்தியாசத்தில் வென்றார். ஒரு சிறுவன் துருத்தி ஊதியதற்கும், கடையில் பெற்ற உதவிக்கும் முதலில் விதித்தது ஒரே 10 நிமிடம்! இதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்தேன். தீஸ் எதையும் மறைத்து வெல்லவில்லை. அவருடைய தண்டனையும் கணக்கில் சேர்ந்த பிறகே அவர் முதலிடத்தில் நின்றார். விதி நியாயமானதா என்பது ஒரு கேள்வி. மீறியதற்கு விலை கொடுத்தோமா என்பது வேறு கேள்வி.

முதல் உலகப் போர் கிறிஸ்தோஃபின் நல்ல ஆண்டுகளை விழுங்கியது. 1919இல் போட்டி மீண்டும் தொடங்கியபோது அவருக்கு வயது 34. முன்னணியில் இருப்பவரைக் கூட்டத்தில் அடையாளம் காண ஒரு தனி மேலாடை தேவைப்பட்டது. டெகிராஞ்சின் பத்திரிகை மஞ்சள் தாளில் அச்சானது. ஜூலை 19ஆம் தேதி கிரெனோபில் நகரில், டூர் டி பிரான்சின் முதல் மஞ்சள் மேலாடை கிறிஸ்தோஃபுக்குக் கிடைத்தது. பார்த்தவர்கள் மஞ்சள் குருவி என்று கேலி செய்தார்களாம்.

முடிய இரண்டே சுற்றுகள். 28 நிமிடங்கள் முன்னிலை. மெட்ஸ் நகரிலிருந்து டன்கெர்க் வரை 468 கிலோமீட்டர் சுற்றில், போரில் சிதைந்த வடபகுதிச் சாலையில் மீண்டும் ஃபோர்க் உடைந்தது. மீண்டும் ஒரு பட்டறை, மீண்டும் தானே பழுது பார்த்தல். ஒரு மணி நேரத்துக்கும் மேல் போனது. மஞ்சள் மேலாடை ஃபிர்மான் லாம்போவுக்குப் போனது. கிறிஸ்தோஃப் மூன்றாம் இடம் பெற்றார். பிரெஞ்சு மக்கள் மனம் பொறுக்காமல் பணம் திரட்டினார்கள். 13,000 பிராங்குக்கும் மேல் சேர்ந்தது. கொடுத்தவர்களின் பெயர்களை அந்தப் பத்திரிகை பக்கம் பக்கமாக வெளியிட்டது.

1922இல், 37 வயதில், அவர் மறுபடியும் மஞ்சள் மேலாடை அணிந்தார். கலிபியே மலையில் மூன்றாம் முறையாக ஃபோர்க் உடைந்தது. எட்டாவது இடம். 1925இல் கடைசியாக டூர் டி பிரான்சில் ஓட்டினார். ஒருமுறைகூட வெல்லவில்லை. சேற்றிலும் மேட்டிலும் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓடும் சைக்கிளோ-கிராஸ் போட்டியில் மட்டும் ஏழு முறை பிரான்சின் வாகையாளர். 1970இல், தம் 85ஆம் வயதில் காலமானார். அந்தக் கொல்லுப்பட்டறை இருந்த ஊரில் இன்று அவர் நினைவாகச் சிலை நிற்கிறது.

டெகிராஞ்சின் கடும் விதிகள் மெல்ல மாறின. ஓட்டியபடியே கியர் மாற்றும் கருவியை 1937இல்தான் அனுமதித்தார்கள். இன்றைய மலைமிதிவண்டிப் போட்டிகளில் குறிப்பிட்ட இடங்களில் பழுது பார்க்க உதவி பெறலாம். அந்த இடத்துக்கு வெளியே, சாலையோரம் நிற்பவர் உங்கள் வண்டியைத் தொடக் கூடாது.

இப்போது என் கதை. சென்ற ஆண்டு மாணவர்களுக்கான மலைமிதிவண்டிப் போட்டி ஒன்றில் ஓட்டினேன். செம்பனைத் தோட்டத்தின் நடுவே, வளைவு ஒன்றில் என் சங்கிலி அறுந்தது. என்னிடம் கருவி இல்லை. வேடிக்கை பார்க்க வந்த நண்பனிடம் இருந்தது. இருவருமாகச் சேர்ந்து ஐந்தே நிமிடத்தில் சரிசெய்தோம். அதிகாரி எவரும் இல்லை. நான் மூன்றாவதாக வந்தேன். நான்காவதாக வந்த மாணவர் என் கையைக் குலுக்கி வாழ்த்தினார். அம்மா பதக்கத்தை வரவேற்பறையில் மாட்டி வைத்தார்.

ஐந்து நிமிடம்தானே, யாருக்கு நட்டம் என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நட்டம் யாருக்கு என்று இப்போது தெரியும். அவர் கை இன்னும் என் கையில் இருப்பதுபோல் இருக்கிறது. தீஸ் 10 நிமிடம் கொடுத்தார். துருத்தி ஊதிய சிறுவனுக்காகக் கிறிஸ்தோஃப் 3 நிமிடம் கொடுத்தார். நான் எதையும் கொடுக்கவில்லை.

சென்ற வாரம் போட்டி ஏற்பாட்டாளர்களுக்கு நடந்ததை எழுதி, பதக்கத்தையும் சேர்த்து அனுப்பிவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை. அம்மாவிடம் சொல்வதுதான் அதைவிடக் கடினமாக இருந்தது. அவர் எதுவும் பேசாமல் சுவரில் இருந்த ஆணியைப் பிடுங்கி என்னிடம் கொடுத்தார்.

அந்த டோ கிளிப்பைக் கடைப் பெரியவர் எனக்கே கொடுத்துவிட்டார். என் வண்டியின் மிதிகட்டைக்கு அது பொருந்தாது. சங்கிலி மாட்டும் கருவியோடு அதையும் பையில் வைத்திருக்கிறேன்.