மருமக்கள் வழியும் கவிமணியும்

அமெரிக்க நாட்டின் சுதந்திரப் பிரகடனத்தை வரைந்த தாமஸ் ஜெபர்சனைப் பள்ளிப் பாடநூல்கள் வாயிலாக நாம் அனைவரும் அறிவோம். அவர் அப்பிரகடனத்தை எழுதிய அதே 1776 ஆம் ஆண்டில், குடும்ப நிலத்தை விற்கவோ பிரிக்கவோ இயலாதவாறு தலைமுறைதோறும் கட்டிவைத்திருந்த சட்டத்தைத் தம் வர்ஜீனியா மாநிலத்தில் நீக்கச் செய்தார் என்பதை நம்மில் பலர் கவனிப்பதில்லை. உயில் எழுதாமல் இறந்தவரின் நிலம் மூத்த மகனுக்கே சேரும் என்ற முறையும் 1785 இல் அங்கு ஒழிந்தது. நாட்டைப் புதிதாக அமைக்க முனைந்தவர், வீட்டுச் சொத்து எவரைச் சேர்கிறது என்பதிலும் கை வைத்தார்.

அதற்கு நூறாண்டுகள் கழித்து, 1876 இல், நாஞ்சில் நாட்டுத் தேரூரில் பிறந்தவர் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை. பள்ளி ஆசிரியராகவே வாழ்ந்த அவரும் சொத்துரிமை முறையொன்றைத் தம் எழுத்தால் அசைத்தார். குழந்தைப் பாடல்களால் மட்டுமே அவரை அறிந்துள்ள நம் இல்லத்து இளையோர் இப்பகுதியையும் அறிதல் நன்று.

தந்தையார் சிவதாணுப் பிள்ளை, தாயார் ஆதிலட்சுமி. நாஞ்சில் நாடு அன்று திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தமையால், தமிழ்ச் சிறுவரும் பள்ளியில் மலையாளமே பயில நேர்ந்தது. இளமையிலேயே தந்தையை இழந்த தேசிக விநாயகத்திற்குத் தமிழ் கற்பித்தவர், திருவாவடுதுறை மடத்தைச் சார்ந்து அவ்வூரில் தங்கியிருந்த சாந்தலிங்கத் தம்பிரான் ஆவார். பள்ளி கொடாததை மடம் கொடுத்தது.

பின்னர் ஆசிரியப் பயிற்சி பெற்று, நாகர்கோயிலிலும் திருவனந்தபுரத்துப் பெண்கள் கல்லூரியிலுமாகச் சற்றேறக்குறைய 36 ஆண்டுகள் கற்பித்து, 1931 இல் ஓய்வு பெற்றார். 1901 இல் அவர் மணந்த உமையம்மையின் ஊராகிய புத்தேரியிலேயே பின்வாழ்நாளைக் கழித்தார். அவர்களுக்கு மக்கட்பேறு வாய்க்கவில்லை.

இனி, மருமக்கள் வழிக்கு வருவோம். நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே ஒருவர் இறந்தால் அவர் சொத்து அவருடைய மக்களுக்குச் சேராது; உடன்பிறந்தாளின் மக்களாகிய மருமக்களுக்கே சேரும். குடும்பத்தில் மூத்த ஆண்மகனான காரணவர் நிலபுலன்களை எல்லாம் ஆள்வார். ஏனைய ஆண்கள் அவர் கையை எதிர்பார்த்து நிற்பர். கணவன் உயிரோடு இருக்கும்வரை மனைவிக்கு அவ்வீட்டில் இடமுண்டு. அவன் கண் மூடியதும், அவளும் அவள் பெற்ற பிள்ளைகளும் உகந்துடைமை என்னும் சிறு பங்கோடு வெளியேற வேண்டியதே. கணவனோடு சேர்ந்து வயலில் பாடுபட்டவளுக்கும் விதி இதுவே. அந்தச் சிறு பங்கையும் மருமக்கள் எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. வழக்கு மன்றத்துக்கு வந்துவிடும். இரு தரப்பாரும் வக்கீலுக்கும் முத்திரைத்தாளுக்கும் செலவழித்து, எதற்காக வழக்கிட்டார்களோ அந்த நிலத்தையே இழந்து நிற்பர். நெல் விளையும் நாட்டில் குடும்பங்கள் நொடித்தது பெரும்பாலும் இவ்வாறுதான்.

இவற்றைக் கண்ணெதிரே கண்ட கவிமணி, நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம் என்னும் நெடிய நகைச்சுவைப் பாடலை இயற்றினார். 1917, 1918 ஆம் ஆண்டுகளில் தமிழன் என்ற இதழில் அது தொடராக வெளிவந்தது. நூலாக வந்தது 1942 இல்தான். தலத்தின் பெருமை பேசும் மான்மியம் என்ற புராண வடிவை எடுத்துக்கொண்டு, படலம் படலமாக ஒரு வழக்கத்தின் சிறுமையைப் பேசினார். கதையைச் சொல்பவள், பஞ்ச கல்யாணிப் பிள்ளை என்ற காரணவருக்கு ஐந்தாம் மனைவியாக வாழ்க்கைப்பட்டவள். மாமியின் ஆட்சி, உடன் மனைவியரின் ஏச்சு, கணவரின் பாராமுகம், இறுதியில் வழக்கேறிக் குடி கெட்ட கதை என அவள் வாய்மொழியாகவே அனைத்தும் வருகின்றன. உயர்ந்த இலக்கிய நடையை விடுத்து, சமையலறையிலும் கிணற்றடியிலும் பெண்கள் பேசும் சொற்களை அவள் வாயில் வைத்தார். படிப்பவர் முதலில் சிரிப்பார். பின்னர் இது தம் வீட்டுக் கதையாயிற்றே என்று உறுத்தப்படுவார். நீண்ட சொற்பொழிவுகள் செய்யாததை அச்சிரிப்புச் செய்தது என்றே நாம் கருதுகிறோம்.

சீர்திருத்தம் வேண்டிக் கூட்டங்களும் விண்ணப்பங்களும் அக்காலத்தில் எழுந்தன. பாடல் ஒன்றே சட்டத்தைக் கொண்டுவந்தது என்று சொல்வது மிகையாகும். எனினும், படித்த இளைஞரும் எழுத்தறியாப் பெண்டிரும் ஒருங்கே அம்முறையைக் குறை கூறத் துணிந்ததில் மான்மியத்திற்குப் பெரும் பங்குண்டு. 1926 இல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தை இயற்றியது. மனைவி மக்களுக்குச் சொத்தில் சட்டப்படியான உரிமை கிடைத்தது. கூட்டுக் குடும்பச் சொத்தைப் பங்கிட்டுக்கொள்ளவும் வழி பிறந்தது.

அதே 1926 ஆம் ஆண்டில்தான் சம்பத்ராய் ஜெயின் அவர்களின் சமணச் சட்ட நூலும் வெளிவந்தது. மகப்பேறில்லாத கைம்பெண் தன் கணவனது தனிச்சொத்தை முழு உரிமையுடன் அடைவாள் என்ற சமண மரபை அந்நூல் எடுத்துக்காட்டியது. தெற்கே ஒரு சமூகம் சட்டம் வேண்டிப் பெற்ற ஒன்று, நம் நூல்களில் முன்பே இடம்பெற்றிருந்தது. ஏட்டில் இருந்தது எல்லாம் நம் வீடுகளில் நடந்ததா என்று கேட்டால், நம் பாட்டியர் வேறு விதமாகச் சொல்லக்கூடும்.

மருமக்கள் வழியின் மறுபக்கத்தையும் சொல்லிவிடுவது நேர்மை. அம்முறையில் பிறந்த வீடு பெண்ணுக்கு என்றும் தன் வீடாகவே இருந்தது. கணவனை இழந்தவள் திரும்பிச் செல்ல ஓர் இடம் இருந்தது. மான்மியம் இதைப் பெரிதாகப் பேசவில்லை. மாமியையும் நாத்தியையும் அது எள்ளிய அளவுக்கு, நிலத்தைக் கையில் வைத்திருந்த ஆண்களை இன்னும் கடுமையாகச் சாடியிருக்கலாம் என்பது நம் எண்ணம்.

கவிமணியின் ஆசிய ஜோதி 1941 இல் வெளிவந்தது. எட்வின் ஆர்னால்டின் ஆங்கிலக் காவியத்தைத் தழுவிப் புத்தர் பெருமானின் வரலாற்றைக் கூறும் நூல் அது. நொண்டி ஆட்டுக்குட்டியைத் தோளில் சுமந்து சென்று, பிம்பிசார மன்னனின் வேள்விச் சாலையில் உயிர்ப்பலியைத் தடுத்து நிறுத்தும் பகுதியை நம் இல்லங்களில் வாய்விட்டுப் படிக்கலாம். புலால் உண்ணாமையையும் கொல்லாமையையும் குழந்தைகளுக்கு இத்துணை எளிய தமிழில் சொல்லும் பாடல்கள் மிகச் சிலவே.

உமர் கய்யாமின் பாடல்களையும் அவர் தமிழாக்கினார். கல்வெட்டு ஆராய்ச்சியிலும் தேர்ந்தவர். காந்தளூர்ச் சாலை பற்றிய அவர் ஆய்வு 1939 இல் நூலாயிற்று. நாகர்கோயில் நாகராஜர் கோயில் கல்வெட்டுகளில் குணவீர பண்டிதர், கமலவாகன பண்டிதர் என்னும் சமணப் பெரியோர் பெயர்கள் உள்ளதை வாசகர் அறிவர். அத்தகைய மண்ணில் பிறந்தவர் கல்லைப் படிக்கக் கற்றதில் வியப்பில்லை.

ஆனாலும், ஆசிரியப் பணி செய்த நாம் அவரை நாள்தோறும் கண்டது குழந்தைப் பாடல்களில்தான். பசுவும் கன்றும், கிளியும், கோழியும் அவற்றில் நடமாடின. பயிற்சிப் பள்ளியில் நாம் கற்ற குழந்தை உளவியல் பாடங்களைவிட, ஒன்றாம் வகுப்பில் அழுகிற பிள்ளையை அமர்த்த அப்பாடல்களே கை கொடுத்தன. சொற்கள் சிறியவை; ஓசை தானே நடக்கும்; பொருளை விளக்க வேண்டியதில்லை. பிள்ளை இல்லாத வீட்டிலிருந்து அவை வந்தன என்பதைப் பின்னாளில் அறிந்தபோது நெடுநேரம் அதையே நினைத்திருந்தோம்.

ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் அவர் கவிதைகளை ஊர்தோறும் எடுத்துச் சொன்னார். 1940 இல் சென்னையில் தமிழவேள் உமாமகேசுவரம் பிள்ளை தலைமையில் கவிமணி என்ற பட்டம் வழங்கப்பெற்றது. 1943 இல் அண்ணாமலை அரசர் பொன்னாடை போர்த்தினார். இவற்றிற்குப் பின்னும் அவர் புத்தேரியை விட்டு அகலவில்லை.

1954 ஆம் ஆண்டு செப்டம்பர் 26 ஆம் நாள் அவர் மறைந்தார். அடுத்த ஈராண்டுகளில், 1956 இல், இந்து வாரிசுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சமணராகிய நாமும் அதற்குட்பட்டோம். அவ்வாண்டு நவம்பர் முதல் நாளில் நாஞ்சில் நாடு தமிழகத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயிற்று. தேரூர்ச் சிறுவர்கள் அதன்பின் பள்ளியிலேயே தமிழ் படித்தனர். அவர்களது பாடநூலில் கவிமணியின் பாட்டும் இருந்தது.