கெட்டுப்போனதை உற்றுப் பார்த்தவர்

எங்க ஊர் பாலக்கோடு பக்கம். கரும்பு வெட்டி ஆலைக்கு அனுப்பினதும், வயலில் கிடக்கிற சோகையை அப்பா கொளுத்திவிடுவார். இரண்டு நாளைக்குப் புகை. அந்தச் சோகையிலிருந்து வண்டி ஓட்டும் எரிபொருள் எடுக்கலாம் என்று படித்தேன். யார் தொடங்கி வைத்தது என்று தேடினால், நம்ம லூயி பாஸ்டர்! வெறிநாய்க்கடி ஊசி கண்டுபிடித்தாரே, அவரேதான்.

பாஸ்டர் 1822 டிசம்பர் 27 அன்று பிரான்சில் டோல் என்ற ஊரில் பிறந்தார். அப்பா தோல் பதனிடுபவர். பாஸ்டர் லில் நகரில் பேராசிரியராக இருந்தபோது, 1856இல் ஒரு சாராய ஆலை முதலாளி அவரைத் தேடி வந்தார். ஆலையில் சர்க்கரைக் கிழங்குச் சாறு புளித்துக் கெட்டுப்போய் ஒரே நஷ்டம். பாஸ்டர் அதை நுண்ணோக்கியில் பார்த்தார். நல்ல தொட்டியில் உருண்டையான ஈஸ்ட். கெட்ட தொட்டியில் குச்சி குச்சியாக பாக்டீரியா! ஈஸ்ட் சர்க்கரையைச் சாராயமாக்குது, பாக்டீரியா அமிலமாக்குது என்று புரிந்துகொண்டார்.

அவர் வாழ்க்கை சுகமாக இல்லை. மூன்று பெண் பிள்ளைகளை நோய்க்குப் பறிகொடுத்தார். 1868இல் பக்கவாதம் வந்தது. அப்படியும் ஆராய்ச்சியை விடவில்லை. 1895 செப்டம்பர் 28 அன்று காலமானார்.

அவருக்கும் ஒரு தவறு நேர்ந்தது. உயிருள்ள செல் இல்லாமல் சர்க்கரை சாராயமாகாது என்று நம்பினார். 1897இல் ஜெர்மனியின் எட்வர்டு புக்னர் ஈஸ்ட்டை மணலோடு அரைத்துப் பிழிந்தார். வெறும் சாறே அந்த வேலையைச் செய்தது. சாற்றில் இருந்தது நொதி. எந்த நொதியைச் செய்யணும்னு செல்லுக்குச் சொல்வது மரபணு.

1991இல் அமெரிக்காவில் லோனி இங்கிராம் குழுவுக்கு ஒரு காப்புரிமை கிடைத்தது. கள்ளில் காணப்படும் சைமோமோனாஸ் பாக்டீரியாவின் இரண்டு மரபணுக்களை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்தார்கள். சோகை, வைக்கோல் போன்றவற்றில் சாதாரண ஈஸ்ட் தொடாத ஒரு சர்க்கரை உண்டு. அதையும் இந்த பாக்டீரியா எத்தனாலாக மாற்றும். எத்தனால்தான் இன்று பெட்ரோலில் கலக்கிறார்கள்.

பாஸ்டர் பார்த்த தொட்டியைக் கெடுத்தது பாக்டீரியா. இன்று எரிபொருள் செய்து கொடுப்பதும் பாக்டீரியா! ஆனால் சோகையை உடைத்துச் சர்க்கரையாக்க இன்னும் செலவு அதிகம். அதனால் எங்க வயலில் புகை நிற்கவில்லை. அந்தச் செலவைக் குறைக்கும் வேலை நமக்காகக் காத்திருக்கு.

அடுத்த தடவை மாவு புளிச்சுப் போச்சுன்னு அம்மா கொட்டினால், ஒரு சொட்டு எடுத்து வாருங்கள். நம்ம லேப் நுண்ணோக்கியில் பார்ப்போம்.