வயிற்று நோயைத் தமிழில் சொல்ல வைத்த டொக்டர் கிறீன்

1996இல் வவுனியா வழியாகக் கொழும்புக்கு வந்து கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தோம். அப்பாவுக்கு மலத்தோடு இரத்தம் போனது. ஆஸ்பத்திரியில் தமிழ் தெரிந்தவர் எவரும் இல்லை. மகளான நான்தான் இடையில் நின்று சொல்ல வேண்டும். என் முன்னால் வெட்கப்பட்ட அப்பா, வயிற்றுவலி என்று மட்டும் சொன்னார். வாயுக் குளிசையோடு திரும்பினோம். பெருங்குடற் புற்றுநோய் என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது.

அதனால்தான் மானிப்பாய் டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீனின் வாழ்க்கை எனக்கு வெறும் வரலாறு அல்ல.

அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் 1822இல் பிறந்தவர். 1847இல் மிஷன் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டே மானிப்பாயில் வைத்தியம் பார்த்து, மாணவர்களுக்கு மேலைத்தேய மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். வாந்திபேதி ஊர் ஊராகச் சனங்களை வாரிக்கொண்டு போன காலம் அது. எங்கள் ஆட்கள் வசவாகச் சொல்லும் கோதாரி அந்த நோயின் பெயர்தான்.

முதலில் ஆங்கிலத்தில்தான் படிப்பித்தார். அப்படிப் படித்தவர்கள் உத்தியோகம் தேடி வெளியூர் போய்விட, கிராமத்து நோயாளி கைவிடப்படுவதைக் கண்டார். தானே தமிழ் படித்து, 1860களில் பாடத்தைத் தமிழுக்கு மாற்றினார். மாணவர் உடையிலும் பழக்கத்திலும் தமிழராகவே இருக்க வேண்டும் என்று விரும்பினார். அவரிடம் பயின்று வைத்தியரானவர்கள் 60 பேருக்கு மேல். இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம் என்று நூல்கள் வெளிவந்தன. 1873இல் ஊர் திரும்பிய பின்னரும் தமிழில் எழுதுவதை அவர் விடவில்லை. உடற்தொழிலை விளக்கும் மனுஷசுகரணம் 1883இல் வந்தது. மறு ஆண்டு காலமானார்.

அவர் தமிழருக்கு விளக்க முயன்ற உடலில் குடலும் ஒன்று. இரைப்பை உணவைக் கூழாக்குகிறது. சுமார் 6 மீற்றர் நீளமான சிறுகுடல், பித்தநீரும் கணையநீரும் சேரச் சத்தை உறிஞ்சுகிறது. ஒன்றரை மீற்றர் பெருங்குடல் மிஞ்சிய நீரை எடுத்துக்கொள்கிறது. கழிவு அங்கே அதிகம் தங்கினால் இறுகி மலச்சிக்கலாகும். தண்ணீர், கீரை, பழம், நடை இவை உதவும். கிருமியால் குடல் நீரை உறிஞ்சாமல் வெளியே கொட்டினால் வயிற்றோட்டம். அதில் உயிரை எடுப்பது பெரும்பாலும் நீரிழப்புத்தான். 2009இல் செட்டிகுளம் முகாம்களில் இருந்தவர்களுக்கு ஒரு ஜீவனிப் பக்கற்றின் பெறுமதி தெரியும்.

மலத்தில் இரத்தம், கரிய மலம், காரணமில்லாத மெலிவு, சில வாரங்களாக மாறிய மலப்போக்கு, இவற்றில் ஒன்று இருந்தாலும் மறைக்க வேண்டாம். மூலம்தான் என்று நீங்களே முடிவு கட்டவும் வேண்டாம்.

இப்போது வெள்ளவத்தையில் இருக்கிறேன். பக்கத்து வீட்டு ஆச்சியைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போகும்போது, வழியிலேயே எல்லாவற்றையும் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்கிறேன். அப்பாவிடம் அன்று நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் அவை.