வொண்டர் வுமனை உருவாக்கியவரே ‘பொய் கண்டறியும் சோதனை’யின் முன்னோடி: யார் இந்த வில்லியம் மார்ஸ்டன்?

வொண்டர் வுமனின் தங்கக் கயிறு ஞாபகம் இருக்கிறதா? அதில் சிக்கினால் உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும். அந்த கேரக்டரை உருவாக்கிய அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மோல்டன் மார்ஸ்டன், நிஜத்திலும் அப்படியொரு கயிறு தன்னிடம் இருப்பதாக நம்பியவர்.

மனைவி கொடுத்த ஐடியா

1893இல் மாசசூசெட்ஸில் பிறந்த மார்ஸ்டன், ஹார்வர்டில் சட்டம், உளவியல் இரண்டையும் படித்தார். கோபமோ பரபரப்போ வந்தால் ரத்த அழுத்தம் எகிறுவதைக் கவனித்துச் சொன்னவர் அவருடைய மனைவி எலிசபெத். அதைப் பிடித்துக்கொண்டார் மார்ஸ்டன். கையில் பட்டையைக் கட்டி, கேள்வி கேட்டபடியே ரத்த அழுத்தத்தை அளக்க வேண்டும், எகிறினால் பொய். அவ்வளவுதான் டெஸ்ட். 1921இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி காவல்துறையைச் சேர்ந்த ஜான் லார்சன், இதோடு மூச்சையும் சேர்த்துத் தொடர்ந்து பதிவு செய்யும் கருவியை உருவாக்கினார். அதுதான் பாலிகிராஃப்.

நீதிமன்றம் சொன்ன ‘நோ’

வாஷிங்டனில் ஒரு மருத்துவரைக் கொன்றதாக ஜேம்ஸ் ஃப்ரை என்ற கறுப்பின இளைஞர் மீது வழக்கு. முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்ட அவர், பிறகு மறுத்தார். 1922இல் சிறையிலேயே அவரைச் சோதித்த மார்ஸ்டன், ஃப்ரை சொல்வது உண்மை என்றார். ஆனால், அந்தச் சாட்சியத்தை நீதிபதி ஏற்கவில்லை. ஃப்ரை குற்றவாளி என்று தீர்ப்பானது.

மேல்முறையீட்டிலும் அதே கதைதான். அந்தத் துறை அறிஞர்களிடையே பொதுவாக ஏற்கப்பட்ட முறையாக இருந்தால்தான் அறிவியல் சாட்சியமாகும் என்று 1923இல் நீதிமன்றம் சொன்னது. பல பத்தாண்டுகளுக்கு அமெரிக்க நீதிமன்றங்கள் பின்பற்றிய ‘ஃப்ரை விதி’ இதுதான்.

லேபிலிருந்து விளம்பரத்துக்கு

மார்ஸ்டன் அசரவில்லை. 1928இல் நியூயார்க் தியேட்டர் ஒன்றில் நடனப் பெண்களுக்குக் கருவியை மாட்டி, கூந்தல் நிறத்தை வைத்து யாருக்கு உணர்ச்சி அதிகம் என்று பத்திரிகையாளர்கள் முன்னால் ‘நிரூபித்தார்’. 1938இல் ஜில்லெட் பிளேடு விளம்பரத்திலும் அவரது பொய் கண்டறியும் சோதனை வந்தது. சக விஞ்ஞானிகளிடம் அவர் பெயர் கெட, இதுவும் ஒரு காரணம்.

சிக்கல் எங்கே?

கருவி காட்டுவது உடலின் பதற்றத்தை மட்டுமே. பொய் சொல்பவர் பதறலாம். தன்னை நம்ப மாட்டார்களோ என்று பயப்படும் அப்பாவியும் பதறலாம். கூலாகப் பொய் சொல்பவர் தப்பித்துவிடலாம். பொய்க்கென்று தனி அடையாளம் எதுவும் உடலில் கிடையாது. 2003இல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி கவுன்சிலும் பாலிகிராஃபின் அறிவியல் அடித்தளம் பலவீனமானது என்றே சொன்னது. இந்தியாவில், ஒருவரின் சம்மதமில்லாமல் இந்தச் சோதனையை நடத்தக்கூடாது என்று 2010இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆபீஸ் வரை வந்த மார்ஸ்டன்

1941இல் வொண்டர் வுமன் காமிக்ஸில் அறிமுகமானார். 1947இல், 53 வயதில் மார்ஸ்டன் புற்றுநோயால் இறந்தார். ஆனால், அவருடைய ஐடியாக்கள் ஓயவில்லை. 1928இல் வந்த அவரது புத்தகம், மனித உணர்ச்சிகளை நான்காகப் பிரித்தது. அதை வைத்துப் பின்னாளில் மற்றவர்கள் உருவாக்கியதுதான், இன்று பல நிறுவனங்களின் ஹெச்ஆர் டீம் நடத்தும் ‘டிஸ்க்’ டெஸ்ட்.

அடுத்த முறை ஒரு டெஸ்ட் உங்களை நான்கில் ஒரு கட்டத்துக்குள் அடைத்தால், 1923இல் அந்த நீதிமன்றம் கேட்டதையே நீங்களும் கேட்கலாம்: இதை அந்தத் துறையில் இருப்பவர்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்களா?