பெயிலானவர் வாங்கிய பட்டம்

பரீட்சையில் பெயிலானால் வாழ்க்கையே போச்சு என்று நினைப்பவரா நீங்கள்? அப்போ கணித மேதை சீனிவாச இராமானுஜன் கதையைப் படியுங்கள்.

இவர் 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம். அப்பா துணிக்கடைக் கணக்கர். பேப்பர் வாங்கக் காசு இல்லாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து அழித்துப் போடுவாராம். 1904-ல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். எந்நேரமும் கணக்கிலேயே மூழ்கியதால் மற்ற பாடங்களில் தோற்றார். உதவித்தொகை போச்சு. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1912-ல்தான் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் கிளார்க் வேலை கிடைத்தது.

1913-ல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குத் தன் கண்டுபிடிப்புகளை எழுதி அனுப்பினார். ஹார்டி அசந்துபோய் அவரை அழைத்தார். 1914-ல் கப்பல் ஏறினார்.

அங்கே 1915-ல் ஒரு பெரிய கட்டுரை வெளியிட்டார். தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும்விட அதிக வகுத்திகள் உள்ள எண்களைப் பற்றியது அது. 12-க்கு 6 வகுத்திகள், 60-க்கு 12. இவற்றைப் பகாக் காரணிகளாகப் பிரித்தால் 2, 3, 5 என்று நடுவில் ஒன்றைக்கூட விடாமல் வரிசையாக வரும் என்று காட்டினார். ஏன் விடக்கூடாது? 2×5=10. இதற்கு 4 வகுத்திகள். 5-க்குப் பதில் 3 போட்டால் 6. இதற்கும் 4 வகுத்திகள்தான், ஆனால் எண் சின்னது. அதனால் 10 தோற்றுவிடும்! 2, 2×3=6, 2×3×5=30 இவைதான் செங்கல்கள். 12=2×6, 60=2×30. நீங்களே 120-ஐப் பிரித்துப் பாருங்களேன்!

கோடிக்கணக்கில் போகும் அந்தப் பட்டியலைக் கம்ப்யூட்டர் இல்லாமல் கையாலேயே போட்டார். அதில் ஒரே ஒரு எண்தான் விட்டுப்போனது. இந்த ஆராய்ச்சிக்காக 1916-ல் கேம்பிரிட்ஜ் பி.ஏ. பட்டம் கொடுத்தது. இங்கே கிடைக்காத பட்டம் அங்கே கிடைத்தது. 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரும் ஆனார்.

ஆனால் உடம்பு கெட்டுப்போய் 1919-ல் ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் இறந்தார். வயது 32தான்.

பல்லாவரத்தில் பீச் ரயில் ஏறினால் வழியில் சேத்துப்பட்டு வரும். கடைசியில் இறங்கினால் துறைமுகம் பக்கம். அடுத்த தடவை போகும்போது அவரை நினைத்துக்கொள்ளுங்கள். பெயிலான நண்பரைக் கேலி செய்யாதீர்கள். அவருக்குள் எந்தக் கணக்கு இருக்கிறதோ, யாருக்குத் தெரியும்!