குளிரின் காரணம் தேடிய மருத்துவர்: சேர் ரொபர்ட் மக்கரிசன்

ஊவா மலைநாட்டிலே குளிர் ஒரு செய்தியன்று. பதுளையிலிருந்து பண்டாரவளைக்கும் அப்புத்தளைக்கும் ஏற ஏறக் காற்றுக் கூர்மை பெறுகின்றது. வடகீழ்ப் பருவ மழையிலே படங்கைக் கட்டிக்கொண்டு கொழுந்து பறிப்போர் குளிரைப் பற்றிப் பேசுவதுமில்லை. இத்தகைய நாட்டிலே ஒரு பெண் தனக்குமட்டும் குளிர் தாங்கமுடியவில்லை என்று முறையிடின், மலையில் குளிராமல் வேறென்ன செய்யும் என்று சொல்லி நகைப்பர். அவள் நடை தளர்ந்து பெரட்டுக்குப் பிந்தி வந்தால் சோம்பேறி என்பர். வகுப்பிலே விடை சொல்லத் தாமதிக்கும் பிள்ளையை ஆசிரியராகிய நாமே மந்தபுத்தி என்று முடிவுகட்டுகின்றோம். குளிருக்கும் மந்தத்துக்கும் குணத்தின்மேற் பழிபோடாது உடலிலே காரணம் தேடியவர்களுள் ஒருவர் சேர் ரொபர்ட் மக்கரிசன். அவர் தமிழ்நாட்டின் தேயிலை மலையொன்றிலே பல்லாண்டு தங்கி உழைத்தவர். ஆதலின் அவர் வரலாறு நமக்கு அயலானதன்று.

மக்கரிசன் 1878ஆம் ஆண்டு அயர்லாந்தின் வடபகுதியிலுள்ள போட்டடவுன் என்னும் ஊரிலே பிறந்தார். பெல்பாஸ்ட் நகரிலே மருத்துவம் கற்றுத் தேறி, 1901ஆம் ஆண்டு இந்திய மருத்துவச் சேவையிற் சேர்ந்து கடல் கடந்து வந்தார். இமயத்துக்கு அப்பாலுள்ள சித்திரால், கில்கிற் என்னும் பள்ளத்தாக்குகளே அவருக்குக் கிடைத்த பணிக்களம். அங்கே ஊர்தோறும் கழுத்து வீங்கிய மாந்தரைக் கண்டார். நாம் கண்டக்கழலை என வழங்கும் நோய் அது. அவ்வூர்களிலே வளர்ச்சி குன்றிய, செவிப்புலனும் பேச்சும் இழந்த, அறிவு விளங்காத குழந்தைகளும் இருந்தனர். ஊரார் அதனை விதி என்று விட்டிருந்தனர். மக்கரிசன் அவ்வாறு விடவில்லை. அக்குழந்தைகளை ஒவ்வொருவராக ஆராய்ந்து, 1908ஆம் ஆண்டு தம் முடிபுகளை வெளியிட்டார்.

இவ்விடத்தே அந்நோயின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். கழுத்தின் முன்புறத்தே வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல அமைந்தது தைரொயிட் சுரப்பி. அது சுரக்கும் தைரொட்சின் என்னும் பொருளே உடலின் கனலை மூட்டி நடத்துவது. விறகு குறைந்த அடுப்பு அணையாமலும் எரியாமலும் புகைந்து கிடப்பதுபோல, இச்சுரப்புக் குன்றிய உடலும் மந்தமாய் இயங்கும். உடற்சூடு தணியும், தோல் வறளும், குரல் கம்மும், நாடி மெல்ல நடக்கும், உண்பது குறைந்தும் எடை ஏறும், நினைவு தடுமாறும். நோய் முற்றின் உடல் வெப்பம் 35 பாகை செல்சியசுக்குக் கீழிறங்கி, உணர்விழந்து, உயிருக்கே ஊறு நேர்தலும் உண்டு. கருவிலும் மழலையிலும் இக்குறை நேரின் மூளை வளர்ச்சியே தடைப்படும். தைரொட்சினை ஆக்குதற்கு அயடீன் இன்றியமையாதது. அயடீன் போதாதபோது சுரப்பி தன்னைப் பெருக்கிக்கொண்டு ஈடுசெய்ய முயல்கின்றது, அதுவே கழலையாகின்றது.

இவ்வளவும் அன்று தெளிவாகவில்லை. மக்கரிசன் நீரிலே ஐயங்கொண்டார். கில்கிற்றிலே ஒரே வாய்க்கால் நீரை ஒன்றன்பின் ஒன்றாகப் பல ஊர்கள் பருகின. மேலூரிற் கழலை குறைவாகவும் கீழூரிற் மிகுதியாகவும் இருந்தது. தனி ஊற்று நீரைப் பருகிய சிற்றூரில் அந்நோய் அரிதாயிற்று. உடனே அவர் அந்நீரின் வண்டலை வடித்தெடுத்துத் தாமே நாள்தோறும் பருகினார். உடன்பட்ட சிலரும் பருகினர். அவருக்கும் வேறு சிலருக்கும் கழுத்து வீங்கியது. வண்டலைக் கொதிக்கவைத்துப் பருகியோர்க்கு வீங்கவில்லை. பிறர் நோயின் காரணத்தைத் தம் கழுத்திலேயே தேடிய துணிவு வியக்கத்தக்கது.

ஆயினும் அவர் கண்டது முழு உண்மையன்று. அசுத்த நீரிலுள்ள நுண்கிருமியே முதற்காரணம் என அவர் கொண்டார். பிற்காலத்தில் அமெரிக்காவிலே டேவிட் மரீன் முதலியோர் பள்ளிச் சிறுமியர்க்கு அயடீன் அளித்துக் கழலையைத் தடுத்துக் காட்டினர். 1956ஆம் ஆண்டு தொடங்கி இமயச் சாரலின் காங்கிரா பள்ளத்தாக்கிலே இராமலிங்கசுவாமி முதலியோர் உப்பில் அயடீன் சேர்த்து அதே உண்மையை நிலைநாட்டினர். முடிபு ஓரளவு பிழைத்தபோதும் மக்கரிசனின் நெறி பிழைக்கவில்லை. நோயையும் அதன் மூலத்தையும் ஆராய்ந்த பின்னரே தணிக்கும் வழியை நாடவேண்டும் என்று வள்ளுவர் மருந்ததிகாரத்தில் வகுத்த முறை அதுவேயன்றோ!

1918ஆம் ஆண்டு நீலகிரியின் குன்னூரிலுள்ள பாஸ்டர் நிலையத்திலே ஓர் அறை அவருக்கு ஆய்வுகூடமாயிற்று. 1923இற் செலவைக் குறைப்பதற்காக அரசு அவ்வாய்வை நிறுத்தியது. 1925இல் மீண்டும் தொடங்கியது. அங்கே அவர் இந்திய மாநிலங்களின் உணவுகளை எலிகளுக்கு ஊட்டி ஒப்புநோக்கினார். கோதுமையும் பாலும் பருப்பும் பச்சைக் காய்கறியும் உண்டவை செழித்தன. தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பியவை நலிந்தன. சோறே உணவென்றிருக்கும் நாம் இம்முடிபை மறத்தலாகாது. 1933இல் அவர் சேர் பட்டம் பெற்றார். 1935இல் ஓய்வு பெற்றார். 1960ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் நாள் மறைந்தார். அவர் வளர்த்த ஆய்வுகூடம் 1958இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகின்றது.

இலங்கையின் ஈரவலயத்திலும் மலைப்பகுதியிலும் கண்டக்கழலை நெடுங்காலமாக இருந்தது. 1995ஆம் ஆண்டு முதல் உணவு உப்பில் அயடீன் சேர்த்தல் சட்டமாயிற்று. அவ்வுப்பை மூடிய கலத்திலே வைத்து, கறி இறக்குங்காலத்திற் சேர்த்தல் நன்று. ஆயினும் உப்பு ஒன்றே எல்லாவற்றையும் தீர்க்காது. உடலின் காவற்படையே சுரப்பியைத் தாக்குவதாலும் இச்சுரப்புக் குன்றும். பெண்களுக்கே இது மிகுதி. குளிர் ஒன்றை மட்டும் கொண்டு நோயென்று துணிதலும் ஆகாது. வைத்தியசாலையிலே செய்யும் இரத்தப் பரிசோதனையே அதனை உறுதிசெய்யும்.

நோய் உறுதியானால் மருந்தும் எளிது. 1891இல் ஜோர்ச் மறே என்னும் ஆங்கில மருத்துவர் ஆட்டின் சுரப்பிச் சாற்றைக் கொடுத்துக் காப்பாற்றிய 46 வயதுப் பெண்மணி மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். இன்று அச்சாற்றுக்குப் பதிலாகச் சிறு தைரொட்சின் மாத்திரை உண்டு. காலைத் தேநீருக்கு அரைமணி முன்னதாக, வெறும் வயிற்றில், நீருடன் அதனை உட்கொள்ளல் வேண்டும். இரும்பு, கல்சியம் மாத்திரைகளைச் சில மணிநேரம் கழித்தே உண்ணல் வேண்டும். உடல் தேறியது கண்டு தாமாகவே நிறுத்துதல் கூடாது. கருவுற்ற பெண் உடனே மருத்துவரிடம் சென்று அளவைத் திருத்திக்கொள்ளல் வேண்டும். அது குழந்தையின் அறிவுக்கே காவல்.

கில்கிற்றின் பேசாக் குழந்தைகளை விதியென்று விட்டிருந்தால், மக்கரிசனின் பெயர் இன்று எவர்க்கும் தெரியாது. நம் வகுப்பறைகளிலே கடைசி வாங்கில் நடுங்கியிருக்கும் பிள்ளையையும், மலையிலே பின்தங்கும் தாயையும் பழிக்குமுன், அவர்களைப் பரிசோதனைக்கு அனுப்புவோமாக.