தனிமையை அறிந்த அம்மா



ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கைகுலுக்கி, ஸ்தோத்திரம் சொல்லி, தாம்பரம் ஸ்டேஷனுக்கு ஓடுகிறோம். குரோம்பேட்டையில் ஒற்றை ரூமில் தங்கி வேலைக்குப் போகிற தம்பி, கலியாணமாகாத அக்கா, கணவனை இழந்த தாயார், இவங்க எல்லாம் மிச்ச நாளில் யாரோடு பேசுவாங்க? ஜெபிக்கிறவங்களுக்குத் தனிமையே வராது என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் ஜீவியம் வேறு விதமாய்ப் பேசுகிறது.

1867-ல் அயர்லாந்து தேசத்தில் பிறந்த இவர், 17 வயதில் தகப்பனை இழந்தார். 1893-ல் ஜப்பானுக்கு மிஷனெரியாகப் போனார். அங்கே அரிமா என்னும் இடத்தில் ஒரு குகைக்குள் தனியே உட்கார்ந்து, தன் பயத்தைக் கர்த்தரிடம் ஊற்றினார். கடைசிவரை ஒண்டியாகவே இருந்துவிடுவோமோ என்ற பயம்தான் அது. தேவன் கைவிடமாட்டார் என்ற நிச்சயத்தோடு வெளியே வந்தார். ஆனாலும் கலியாணம் நடக்கவில்லை.

1895-ல் இந்தியா வந்தார். 1901 மார்ச்சில், கோயிலுக்கு ஒப்புக்கொடுக்கப்பட இருந்த பிரீனா என்ற சிறுமி தப்பி ஓடிவந்து அவரிடம் அடைக்கலமானாள். பின்னாளில் திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் அவரை அம்மா என்று அழைத்தார்கள்.

அதோடு தனிமை தீர்ந்ததா? இல்லை. 1912-ல் ஊழியத்தில் துணைநின்ற வாக்கர் ஐயர் மரித்தார். 1913-ல் பெற்ற தாயாரும், 1915-ல் உயிர்த்தோழி பொன்னம்மாளும் போய்விட்டார்கள். அவர் கதவை மூடிக்கொள்ளவில்லை. 1916-ல், கலியாணமின்றி ஊழியம் செய்ய வந்த சகோதரிகளை ஒரு சிறு ஐக்கியமாகச் சேர்த்தார். ஒருவருக்கொருவர் துணை வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

1931-ல் குழியில் விழுந்து கால் முறிந்தது. ஏறக்குறைய 20 வருஷம் ஒரே அறைக்குள். அங்கிருந்தே புஸ்தகங்களும் கடிதங்களும் எழுதினார். 1951 ஜனவரி 18-ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவர் கேட்டுக்கொண்டபடியே கல்லறைக் கல் வைக்கவில்லை. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்தார்கள்.

தனிமையில் வாடுகிற சகோதரனே, சகோதரியே, அது விசுவாசக் குறைவு அல்ல. வெட்கப்படாமல் யாரிடமாவது வாய்திறந்து சொல்லுங்கள். குடும்பமாய் இருக்கிறவர்களே, நானும் கைகுலுக்கிவிட்டு நகர்ந்தவன்தான். வருகிற ஞாயிறு ஒருத்தரையாவது நிறுத்தி, சாப்பிட்டீங்களா, வீட்டுக்கு வாங்க என்று கூப்பிடுவோம். அம்மையார் கதவைத் திறந்தார். நம் வீட்டுக் கதவும் திறக்கட்டும். ஆமென்.